புதுக் கொட்டகைக்கு மாற்றியதிலிருந்து பால் குறைகிறது, என்ன கொடுக்கலாம்? அவசரம்

புதுப்பண்ணை | மே 9, காலை 5:48
வணக்கம். ஆறு மாடு வைத்திருக்கிறேன். புதுக் கொட்டகை கட்டி மாற்றி ஒன்றரை மாதம் ஆகிறது. அதிலிருந்து பால் இறங்கிக்கொண்டே வருகிறது. முன்பு இரண்டு நேரமும் சேர்த்து 64 லிட்டர், நேற்று 49. தீவனத்தில் எதுவும் மாற்றவில்லை. ஒரு மாட்டுக்கு மடிவீக்கம் வேறு. பால் கூட என்ன கொடுக்கலாம்? நல்ல டானிக் பெயர் இருந்தால் சொல்லவும். பால் வண்டி வந்துவிட்டது, அப்புறம் வருகிறேன்.

தவிட்டுமூட்டை | 6:20
என்ன இனம்? எத்தனையாவது ஈத்து? கன்று போட்டு எத்தனை மாதம்? இது எதுவும் சொல்லாமல் டானிக் கேட்டால் எப்படி? ஆறும் ஒரே சமயத்தில் கன்று போட்டிருந்தால், ஐந்தாறு மாதம் தாண்டியதும் பால் இறங்கத்தான் செய்யும். கொட்டகை மேல் பழி போட வேண்டாம்.

தாதுஉப்பு தங்கம் | 6:41
கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், தாது உப்புக் குறைவு. மாட்டுக்குத் தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை தவிட்டில் கலந்து கொடுங்கள். பதினைந்து நாளில் தெரியும்.

தவிட்டுமூட்டை | 6:44
போன வாரம் கன்றுக்குட்டி மண் தின்கிறது என்றார்கள், தாது உப்பு. அதற்கு முன்னால் மாடு சினை நிற்கவில்லை, தாது உப்பு. ட்ராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்றாலும் அதைத்தான் சொல்வீர்கள் போல.

மேய்ச்சல்காடு | 7:15
தம்பி, கூரை என்ன? ஓலையா, ஓடா, தகரமா? எவ்வளவு உயரம்? சுவர் எத்தனை பக்கம்? அக்னி நட்சத்திரம் நடக்கிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு மாட்டின் விலாவைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். 60ஐத் தாண்டினால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். ஃபோட்டோ இருந்தால் போடுங்கள்.

பண்ணைப்பெரியவர் | 8:02
இதே கேள்வி இங்கே மாதம் நான்கு முறை வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. முதலில் கட்டிவிடுவது, பிறகு வந்து கேட்பது. கடைக்கால் தோண்டும் முன்பு இதே கேள்வியைக் கேட்டிருந்தால் செலவே இல்லை. ஒரு மாட்டுக்குக் கூரைக்குக் கீழே மூன்றரை சதுர மீட்டர், வெளியே காலாற நடக்க ஏழு சதுர மீட்டர். இந்தக் கணக்கு தெரியாமல் கொட்டகை கட்டியவருக்கு டானிக் பெயர் சொல்லி என்ன ஆகப்போகிறது?

புதுப்பண்ணை | 11:35
மன்னிக்கவும், காலையில் அவசரம். எல்லாம் எச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு, கோலார் பக்கம் போய் வாங்கியது. ஐந்து மாடு இரண்டாம் ஈத்து, ஒன்று மட்டும் தலைஈத்து. கன்று போட்டு மூன்று மாதம் ஆகிறது. கூரை கலர் தகரம், முன்பக்கம் 9 அடி, பின்பக்கம் 8. கிழக்கே தீவனத் தொட்டி, மாடு கிழக்கு பார்த்து நிற்கும். மேற்கே திறப்பு. தரை சிமெண்ட், வழவழவென்று தேய்த்துவிட்டேன், கழுவ சுலபம். இரண்டு ஃபேன். போன வாரம் பனி மாதிரி தண்ணீர் தெளிக்கிற ஃபாகர் மாட்டினேன், அதற்கும் பால் ஏறவில்லை. பழைய இடம் ஓலைக் கொட்டகை, மண் தரை, சேறும் சகதியும். அங்கே 64 லிட்டர் கறந்தது, அதுதான் புரியவில்லை.

மேய்ச்சல்காடு | 11:52
கிடைத்துவிட்டது. மாடு கிழக்கு பார்த்து வரிசையாக நின்றால் கொட்டகை தென்வடலாக ஓடுகிறது. மேற்கே திறந்து வைத்திருக்கிறீர்கள். மூன்று மணி வெயில் நேராக மடியில் அடிக்கும். நம் பக்கத்து வெயிலுக்குக் கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும். இப்போதைக்கு மேற்கே பச்சை வலை கட்டுங்கள், தகரத்தின் மேல் சுண்ணாம்பு அடியுங்கள். தென்னோலையைப் போட்டாலும் சரி.

கோமாதாவீடு | 12:10
தயவுசெய்து தப்பாக வழி காட்டாதீர்கள். மாட்டின் தலை கிழக்கு பார்ப்பதுதான் முறை. எங்கள் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். மேஸ்திரி சரியாகத்தான் கட்டியிருக்கிறார். கொட்டகையின் ஈசானிய மூலையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சாணிக்குழி இருந்தால் பால் நிற்காது.

மேய்ச்சல்காடு | 12:16
உங்கள் தாத்தா காலத்தில் எச்.எஃப் இருந்ததா ஐயா? பழைய ஓலைக் கொட்டகைக்குள் எந்தத் திசையில் கட்டினாலும் நிழல்தான். இது தகரம்.

டெல்டாக்காரன் | 12:40
நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே நாங்கள் தென்வடலாகத்தான் போடுகிறோம், வாஸ்துவுக்காக இல்லை. ஐப்பசி கார்த்திகையில் தரை காயவே காயாது. தென்வடலாக இருந்தால் காலையில் ஒரு பக்கம், சாயங்காலம் ஒரு பக்கம் வெயில் உள்ளே வந்து தரை காயும். காய்ந்த தரை இருந்தால் மடிநோய் பாதி போச்சு. ஆகவே எல்லா ஊருக்கும் ஒரே திசை என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

மேய்ச்சல்காடு | 12:48
அவர் ராசிபுரமா சேலமா என்று தெரியவில்லை, நாகப்பட்டினம் இல்லை என்பது மட்டும் உறுதி.

டெல்டாக்காரன் | 12:51
ஊரே சொல்லவில்லை அவர். நீங்களே சேலம் என்று முடிவு கட்டிவிட்டீர்கள்.

கோமாதாவீடு | 1:05
திசை பிடித்து வைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. அவ்வளவுதான் சொல்வேன்.

பண்ணைப்பெரியவர் | 1:30
ஃபாகர் என்றாரே, அதை யாரும் கவனிக்கவில்லை. காற்று ஓடாத கொட்டகையில் ஃபாகர் போட்டால் அது இட்லிக்கொப்பரை. முதுகு நனையத் தண்ணீர் தெளித்து, அதன் மேல் ஃபேன் காற்று படும்போதுதான் உடம்பு சூடு இறங்கும். புகை மாதிரி தண்ணீர் அந்தரத்தில் நின்றால் புழுக்கம்தான் கூடும். இதையும் இங்கே எழுதியிருக்கிறேன், படிப்பவர் யார்?

நாலுமாட்டுக்காரி | 2:22
வெயில் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் வெயில் பழைய கொட்டகையிலும்தானே அடித்திருக்கும்? எனக்கு வேறு சந்தேகம். தம்பி, ராத்திரி பத்தரை பதினொன்றுக்கு டார்ச் அடிக்காமல் போய்ப் பாருங்கள். எத்தனை மாடு படுத்திருக்கிறது? நிற்கிற மாடு பின்னங்காலை எங்கே வைத்திருக்கிறது? மாட்டைக் கட்டுகிற தும்புக் கயிறு எத்தனை அடி? தொட்டிச் சுவரிலிருந்து மூத்திர வாய்க்கால் வரை டேப் வைத்து அளந்து சொல்லுங்கள்.

கோமாதாவீடு | 2:40
படுப்பதற்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம்?

நாலுமாட்டுக்காரி | 2:58
நல்ல சம்பந்தம் அண்ணா. கறவை மாடு ஒரு நாளைக்கு 12 மணி நேரம் போலப் படுக்க வேண்டும். படுத்தால்தான் நிதானமாக அசை போடும், மடிக்கு ரத்த ஓட்டமும் கூடும். நின்றுகொண்டே இருந்தால் குளம்பும் போகும், பாலும் போகும்.

புதுப்பண்ணை | இரவு 10:52
அக்கா, பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். ஆறில் ஒன்றுதான் படுத்திருக்கிறது. அது கடைசி ஓரத்து மாடு, குறுக்காகப் படுத்திருக்கிறது. மற்ற ஐந்தும் நிற்கின்றன. மூன்று மாட்டுக்குப் பின்னங்கால் இரண்டும் வாய்க்காலுக்குள் இருக்கிறது. தலைஈத்து மாடு முன்னங்காலை மடக்கி முட்டி போடுகிறது, கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறது, திரும்ப எழுந்துவிடுகிறது. நான் பார்க்கும்போதே நான்கு தடவை. டேப் வைத்தேன், 4 அடி 9 அங்குலம். தும்பு ஒன்றரை அடி. தொட்டிச் சுவர் இரண்டரை அடி உயரம், அதற்கு மேலே தீவனத்தில் கால் வைக்காமல் இருக்க ஒரு ஜி.ஐ. குழாய்.

நாலுமாட்டுக்காரி | 11:10
அந்த முட்டி போடுகிற மாடுதான் உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டது.

மாடு எழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குதிரை மாதிரி முன்பக்கம் முதலில் எழாது. பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். அப்போது உடம்பின் கனம் முழுக்க முட்டி மேல் வரும், தலையை முன்னால் நீட்டித் தள்ளினால்தான் பின்பக்கம் எழும்பும். உங்கள் கொட்டகையில் நீட்டினால் சுவர், சுவருக்கு மேல் குழாய். ஒன்றிரண்டு தடவை நெற்றியில் இடித்திருக்கும். எழுந்திருக்க முடியாது என்று தெரிந்த மாடு படுக்கவே யோசிக்கும். போதாததற்கு வழவழப்புத் தரையில் பின்னங்கால் வழுக்கும். தும்பு ஒன்றரை அடி என்றால் தலையைத் தரையில் வைக்கவே எட்டாது.

எங்கள் வீட்டு ஜெர்சி கலப்புக்கு 5 அடி சரியாக இருக்கிறது. உங்கள் எச்.எஃப்புக்கு ஐந்தரையாவது வேண்டும். நீளம் போதாமல்தான் பின்னங்கால் வாய்க்காலில் நிற்கிறது. படுக்கிற மாடும் மடியை வாய்க்கால் ஓரத்தில், மூத்திர ஈரத்தில் வைக்கும். மடிவீக்கம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். அந்த மாட்டை நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், 1962க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வண்டி வரும்.

இன்றைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். வெளியே களமோ மரத்தடியோ இருந்தால் ஆறையும் அவிழ்த்து விட்டுப் பாருங்கள். காசு செலவில்லை.

தாதுஉப்பு தங்கம் | 11:14
அக்கா சொன்னது சரி. கூடவே தாது உப்பும் கொடுக்கலாம்.

புதுப்பண்ணை | மே 10, அதிகாலை 12:20
வேப்பமரத்தடியில் விட்டேன். அரைமணி நேரத்தில் ஐந்து படுத்துவிட்டன. படுக்கும்போது ஒவ்வொன்றும் 'ஹூம்' என்று பெருமூச்சு விட்டது, திண்ணையில் இருந்த அம்மாவுக்கே கேட்டது. தலைஈத்து மாடு கழுத்தை நீட்டி மண்ணில் தாடையை வைத்துத் தூங்குகிறது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

பண்ணைப்பெரியவர் | காலை 6:30
சாதாரண விஷயம். தொட்டியின் உள்சுவர் மாட்டின் மார்புக்குக் கீழே இருக்க வேண்டும் என்று எந்த மேஸ்திரிக்கும் தெரியும்.

தவிட்டுமூட்டை | 6:38
நேற்றுக் காலையிலிருந்து நான்கு பதிவு போட்டீர்கள், ஒன்றில்கூடச் சுவரைப் பற்றிக் கேட்கவில்லையே பெரியவரே.

பண்ணைப்பெரியவர் | 6:45
இரண்டு பதிவு.

டெல்டாக்காரன் | 7:05
தம்பி, இடிக்கிற வேலையோடு தரையையும் கொத்திக் குறுக்குக் கோடு போட்டுவிடுங்கள். வாட்டம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் போதும். அதற்கு மேல் சாய்த்தால் மாடு பின்னால் சறுக்கும். வாய்க்காலை அப்படியே விட்டுவிடாமல் மூடிவிட்டு, ஓர் அடி பின்னால் தள்ளி புதிதாக வெட்டுங்கள். அதுவரை பலகை போட்டு மூடுங்கள். கறந்தவுடன் அரைமணி நேரம் படுக்க விடாதீர்கள், காம்புத் துவாரம் திறந்திருக்கும். புல்லைப் போட்டால் நின்று தின்னும்.

கட்டாதபட்டி | 9:12
எதற்கு இவ்வளவு இடிப்பு? சுற்றிலும் வேலி போட்டு அவிழ்த்து விடுங்கள். கறக்கும்போது மட்டும் கட்டினால் போதும். நான் மூன்று வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

தவிட்டுமூட்டை | 9:20
உங்களுக்கு இடம் இருக்கிறது. அவருக்கு எத்தனை சென்ட் என்று கேட்டீர்களா? இரண்டு மாடு முட்டிக்கொண்டால் கொம்பு குத்தும், தலைஈத்து மாட்டைத் தீவனத்துக்கே மற்றது விடாது.

கட்டாதபட்டி | 9:26
கொம்பு எச்.எஃப்புக்குக் கன்றிலேயே சுட்டிருப்பார்களே?

தவிட்டுமூட்டை | 9:31
கோலார் சந்தையில் வாங்கியதற்கு யார் சுட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மேய்ச்சல்காடு | மே 14, மாலை 5:10
புதுப்பண்ணை தம்பி, என்ன ஆயிற்று? மேற்கே வலை கட்டினீர்களா?

நாலுமாட்டுக்காரி | மே 17, காலை 8:03
மடிவீக்கம் வந்த மாட்டை டாக்டரிடம் காட்டினீர்களா? முதல் பீச்சைக் கறுப்புத் தட்டில் விட்டுத் திரி திரியாக வருகிறதா என்று தினமும் பாருங்கள்.

புதுப்பண்ணை | மே 23, இரவு 9:15
குழாயை அறுத்தாச்சு. சுவரில் இரண்டு வரி செங்கல் எடுத்தாச்சு. தும்பை மூன்றடியாக்கினேன். வாய்க்கால் வேலை மழைக்கு அப்புறம்தான், மேஸ்திரி கிடைக்கவில்லை. ராத்திரி களத்தில்தான் விடுகிறேன். வலையும் கட்டினேன். நேற்று 57. எல்லாருக்கும் நன்றி.

நாலுமாட்டுக்காரி | 9:40
சந்தோஷம் தம்பி. அந்த மடிவீக்க மாடு?

கோமாதாவீடு | 9:58
களத்தில் படுக்கும்போது தலை எந்தப் பக்கம் வைக்கின்றன என்று பார்த்தீர்களா?