சின்ன ஜெனரேட்டரில் யுபிஎஸ் நிற்க மறுக்கிறது. கெப்பாசிட்டர் வகைக்கு என்ன வழி?

வணக்கம் நண்பர்களே. 2.5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர், 3000 ஆர்பிஎம், ஏவிஆர் (மின்னழுத்தத்தைத் தானாகச் சீராக்கும் சுற்று) கிடையாது; கெப்பாசிட்டரால் மின்னழுத்தத்தைக் காக்கும் பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) வகை. இதில் 1 கேவிஏ லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ் (வரும் மின்சாரம் சரியாக இருக்கும்வரை அதையே கொடுத்து, பிசகினால் பேட்டரிக்கு மாறும் வகை) சில நொடிகளுக்கு ஒருமுறை பேட்டரிக்குத் தாவுகிறது. பேட்டரி வீணாகிவிடும் என்பதுதான் கவலை.

ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டரில் (அலைவடிவம் கோணலானாலும் சரியாக அளப்பது) எடுத்த அளவுகள்: சுமையில்லாமல் 246 வோல்ட், 52.8 ஹெர்ட்ஸ். 500 வாட் குண்டு பல்பு போட்டால் 233 வோல்ட், 51.4 ஹெர்ட்ஸ். பல்பு இல்லாமல் யுபிஎஸ் மட்டும் சேர்ந்தால் 258 வரை ஏறுகிறது. அதன் உள்ளீட்டு ஃபில்டர் கெப்பாசிட்டர் இழுக்கும் முந்துமின்னோட்டம் (மின்னழுத்தத்தை முந்தி ஓடும் மின்னோட்டம்) ஆல்டர்னேட்டரின், அதாவது ஜெனரேட்டரில் மின்சாரம் உண்டாக்கும் பகுதியின், காந்தப்புலத்தை இன்னும் கூட்டுகிறது என்று நினைக்கிறேன். பல்பும் கூடவே எரிந்தால் ஓரளவு நிற்கிறது, ஆனால் எரிபொருள் வீண்.

எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்க்ரூவைத் தளர்த்தி 51 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால், சுமை ஏறும்போது வேகத்தோடு மின்னழுத்தமும் படுத்துவிடுகிறது. யுபிஎஸ் சென்சிடிவிட்டி (உள்ளீடு எவ்வளவு பிசகினால் பேட்டரிக்குத் தாவ வேண்டும் என்ற அமைப்பு) ஏற்கெனவே 'லோ'வில்தான் இருக்கிறது.

ரிலே ஸ்டெபிலைசர் வேண்டாம். அது அதிர்வெண்ணையும் அலைவடிவத்தையும் தொடாது.

கேள்வி இதுதான்: ஜெனரேட்டரின் 25 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 22 ஆக்கினால் முழுச் சுமையில் மின்னழுத்தம் எவ்வளவு சரியும்? யாராவது அளந்திருக்கிறீர்களா? இல்லை, அகன்ற அதிர்வெண் ஏற்கும் ஆன்லைன் யுபிஎஸ்ஸுக்கே (எப்போதும் தன் இன்வெர்ட்டர் வழியாகவே மின்சாரம் கொடுக்கும் வகை) போய்விடலாமா? அலைவடிவப் படம் இருந்தால் கட்டாயம் போடுங்கள்.