குமரி மாவட்டம் எந்தப் பல்லுயிர்த் தொகுதியில் அடங்கும்?

கேள்வி (தோவாளையிலிருந்து):
என் மகள் ஒன்பதாம் வகுப்புப் புவியியலில் பல்லுயிர்த் தொகுதிகளைப் படிக்கிறாள். பாடத்திலுள்ள உலக வரைபடத்தில் நம் முனை முழுவதும் ஒரே நிறமாக இருக்கிறது. ஆனால் ஆரல்வாய்மொழியில் உடைமரமும் பனையும் காய்ந்து நிற்க, என் தாய்வீடு இருக்கும் குலசேகரத்தில் ஆனி, ஆடி மாதங்களில் துவைத்த துணி மூன்று நாளானாலும் உலர்வதில்லை. அப்படியானால் ஆரல்வாய்மொழி பாலைவனம், குலசேகரம் மழைக்காடு, குளிரும் மலையுச்சி தூந்திரம் (துருவத்தை ஒட்டிய மரமில்லாக் குளிர்நிலம்) என்று அவள் எழுதலாமா? குளமும் பொழியும் (ஆறு கடலில் சேரும் முகத்துவாரம்) எந்தக் கணக்கில் வரும்?

மறுமொழி 1:
சகோதரிக்கு வணக்கம். ஓரிடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பத்தையும் மழையளவையும், அவற்றுக்கு ஏற்ப அங்கே தானாக நிலைபெறும் செடிகொடிகளின் தோற்றத்தையும் வைத்தே நிலத்தைப் பல்லுயிர்த் தொகுதிகளாகப் பிரிக்கிறார்கள். உலக வரைபடத்தில் நம் மாவட்டம் ஒரு புள்ளியளவுதான் என்பதால் உள்ளிருக்கும் வேறுபாடு அதில் தெரியாது.

ஆரல்வாய்மொழியைப் பாலைவனம் என்று எழுத வேண்டாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் நிலத்தையே பொதுவாக அப்படிச் சொல்வார்கள். சகாரா போன்ற பெரும் பாலைகள், நிலநடுக்கோட்டருகே மழையைப் பொழிந்துவிட்டு மேலெழுந்த காற்று, ஏறத்தாழ 30 பாகை அட்சத்தில் வறண்டு கீழிறங்குவதால் உண்டானவை. நாம் இருப்பதோ 8 பாகையில். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிட்டுக் கணவாய் வழியாக வெறும் வேகத்தோடு வருவதால்தான் அங்கே காற்றாலை சுழல்கிறது, மண் காய்கிறது. வடகிழக்குப் பருவமழை வந்ததும் அதே தரை பச்சை பிடிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வெப்பமண்டல முட்புதர்க்காடு என்பதே பொருத்தமான பெயர்.

குலசேகரத்திலும் ஒரு திருத்தம் உண்டு. அங்கே நாம் காண்பதில் பெரும்பகுதி ரப்பர்த் தோட்டம். அமேசான் பகுதியிலிருந்து வந்த மரம். மழைக்காட்டுக்கு ஏற்ற தட்பவெப்பம் இருப்பதற்கு அது சாட்சி, ஆனால் வரிசையாக நட்ட ஒரே மரம் காடாகாது. அகத்தியமலைத் தொடரின் ஈரக்காட்டுக்குள் நுழைந்தால் வெடிப்பலா போன்ற உயர்ந்த மரங்கள், அவற்றின் கீழ் நடுத்தர மரங்கள், அதற்கும் கீழே நிழல் விரும்பும் செடிகள் என்று அடுக்கடுக்காக இருக்கும். நண்பகலிலும் தரையில் வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் விழும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். தூந்திரத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 பாகை செல்சியசு குறையும். மகேந்திரகிரி 1,654 மீட்டர். ஆகவே உச்சியில் அடிவாரத்தைவிடப் பத்துப் பாகை அளவே குளிர்ச்சி. தூந்திரத்திலோ ஆண்டின் மிக வெப்பமான மாதத்தின் சராசரியே 10 பாகையைத் தாண்டாது. மேல்மண்ணுக்குக் கீழே நிலம் ஆண்டு முழுவதும் உறைந்திருப்பதால் மரம் வேரூன்ற வழியில்லை. கோடையில் நீண்ட பகலும் குளிர்காலத்தில் நீண்ட இரவுமாக மாறும் அந்த ஆண்டுச் சுழற்சி எந்த உயரத்துக்குப் போனாலும் நம் மலையில் கிடைக்காது. நம் உச்சியில் மரங்கள் குட்டையாகிப் புல்வெளி தோன்றுவது, காற்று, ஆழமில்லாத மண், குளிர் ஆகிய பலவும் சேர்ந்து செய்யும் வேலை.

மறுமொழி 3 (மணக்குடியிலிருந்து):
தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. நிலத்தை மழையாலும் வெப்பத்தாலும் பிரிப்பது போல, நீரை உப்பாலும் ஒளியாலும் ஆழத்தாலும் ஓட்டத்தாலும் பிரிக்க வேண்டும். சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் நன்னீர்ச் சதுப்புநிலம். மனிதர் வெட்டிக் கரை கட்டியவைதான் என்றாலும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. எங்கள் பொழி எளிதில் எந்தப் பட்டியலிலும் நிற்காது. பழையாற்றில் நீர் வற்றும்போது கடல் மணலை ஒதுக்கி வாயை அடைத்துவிடும். மழையில் ஆறு பெருகினால் மணல்திட்டு உடைந்து உப்புநீர் உள்ளே ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் கண்டலும் (உப்புநீரில் வளரும் அலையாத்தி மரம்) சில மீன்களும்தான் அங்கே நிலைக்கும்.

வரைபடத்தில் கடல் முழுவதற்கும் ஒரே நீலம் தீட்டியிருப்பதுதான் எனக்குப் பெரிய குறை. சூரிய ஒளி பயன்படும் அளவுக்கு இறங்குவது மேலுள்ள சுமார் 200 மீட்டர்தான். கடலின் சராசரி ஆழமோ ஏறத்தாழ 3,700 மீட்டர். மிதவை நுண்பாசி வளர்வதெல்லாம் அந்த மேல் அடுக்கில். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கரையோரம் அடித்தண்ணீர் மேலே வந்து சத்தைக் கொண்டுவருவதால் பாசி பெருகும், அதைத் தின்னச் சாளை வரும். அந்நாட்களில் கடலில் காலை வைத்தால் சில்லென்று இருக்கும். ஆழத்துத் தண்ணீர் வந்துவிட்டது என்று எங்கள் பெரியவர்கள் அதிலிருந்தே கண்டுகொள்வார்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. மகள் நிறத்தை அழித்து மூன்று பட்டையாகத் தீட்டுகிறாள்; ரப்பர்த் தோட்டத்துக்கு மட்டும் கோடு போட்டிருக்கிறாள். மணக்குடி அண்ணனிடம் ஒன்று: இந்த ஆண்டு பொழி இன்னும் அடைபட்டுத்தான் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்து வரலாம் என்றிருக்கிறோம்.