ரங்கூன் டவுன்டவுனில் பழைய வீடுகளைப் பார்க்க ஒரு ஞாயிறு நடை: எதைக் காட்டுவது, எப்படிக் காட்டுவது?

தாமுவே வாசி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நவம்பர் கடைசி ஞாயிறு தமிழ்ப் பள்ளிப் பெரிய வகுப்புப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து 25 பேர் டவுன்டவுன்ல பழைய வீடுகளைப் பார்க்க நடக்கப் போறோம். காளியம்மன் கோயில்ல தொடங்கி பான்சோடன்ல முடிக்கலாம்னு எண்ணம். மூணு வீட்டுக்காரங்க உள்ளே வரவும் சம்மதிச்சிருக்காங்க. ஒண்ணு, சுண்ணாம்புச் சாந்து வச்சே பழுதுபார்த்த மாடி வீடு. ரெண்டாவது, உள்ளே இடிச்சு மாத்தி ஏசி, புது பாத்ரூம் எல்லாம் வச்ச வீடு. மூணாவது இன்னும் யாரும் கை வைக்காத வீடு. அந்த வீட்டம்மா இந்தக் குளிர்காலத்திலேயே சுவர்ப் பூச்சை மாத்தணும்னு இருக்காங்க.

என் கேள்விகள்: எந்த வழியா, எத்தனை மணிக்குப் போறது? நல்லா பழுதுபார்த்த வீட்டையும் வெறும் பெயிண்ட் அடிச்ச வீட்டையும் பிள்ளைங்க எப்படிப் பிரிச்சறியலாம்? 25 பேர் ஒரே நேரத்துல பழைய மாடியில ஏறலாமா? அந்த வீட்டம்மாவுக்கு சிமெண்டா சுண்ணாம்பான்னு என்ன பதில் சொல்றது?

---

பான்சோடன் நடை எழுதியது:

வழி சரியான வழிதான். காலை 7 மணிக்குத் தொடங்குங்கள். 9.30க்கு மேல் வெயிலும் வண்டியும் கூடி, பேசுவது யார் காதிலும் விழாது.

காளியம்மன் கோயில் 1871இல் தமிழர்கள் கட்டியது. அங்கிருந்து அனவ்ரத்தா ரோட்டில் கிழக்கே நடந்து ஷ்வேபோந்தா தெருவுக்குள் இறங்குங்கள். பெரியவர்களுக்கு அது மொகல் தெரு. செட்டியார் வட்டிக்கடைகள் வரிசையாக இருந்த தெரு. பழைய பெயர்களைக் கட்டாயம் சொல்லுங்கள். அனவ்ரத்தா அன்றைக்கு ஃப்ரேசர் தெரு, மகாபந்தூலா ரோடு டல்ஹௌசி தெரு, பான்சோடன் ஃபேர் தெரு. தாத்தா பாட்டி காலத்துக் கடிதங்களில் இருக்கும் முகவரிகளைப் பிள்ளைகள் அப்போதுதான் தெருவோடு பொருத்திப் பார்ப்பார்கள். நகரத்தைக் கட்டம் கட்டமாக வகுத்தது 1852 போருக்குப் பிறகு. எண் போட்ட தெருக்கள் குறுகலாகவும் பெயர் உள்ள தெருக்கள் அகலமாகவும் இருப்பது அந்தத் திட்டத்திலேயே உள்ளது.

சூலே பகோடாவுக்கு வந்ததும் மகாபந்தூலா தோட்டத்து ஓரத்தில் நில்லுங்கள். முன்பு அதற்கு ஃபைச் ஸ்கொயர் என்று பெயர். சிட்டி ஹால் (1936), ஹைகோர்ட் (1911), இப்போது வங்கியாக இருக்கும் பழைய ரோ கம்பெனிக் கடை (1910) மூன்றையும் தலையைத் திருப்பினால் பார்த்துவிடலாம். இங்கே பத்து நிமிடம் போதும், உங்கள் நடை வீடுகளுக்கானது. பிறகு மெர்ச்சன்ட் தெருவில் 491–501 எண் கட்டடத்துக்குப் போங்கள். டர்க்காய்ஸ் மௌண்டன் நிறுவனம் உள்ளூர் வேலையாட்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே பழுதுபார்த்த கட்டடம் அது. பான்சோடன் மூலையில் 1906ஆம் ஆண்டு சோஃபேர் கட்டடம். தரை ஓடு மான்செஸ்டரிலிருந்தும் இரும்பு உத்திரம் ஸ்காட்லாந்தின் லனார்க்ஷயரிலிருந்தும் கப்பலில் வந்தவை. மாடிப்படி ஏறினால் ஓட்டைக் காலடியிலேயே பார்க்கலாம்.

நிற்கும் இடத்திலும் கவனம் வேண்டும். பழைய கட்டடத்தில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரும் அதன் மேலுள்ள சிமெண்டு, சுண்ணாம்பு அலங்காரமும்தான் முதலில் விழும். பிரிட்டிஷ் காலத் தலைமைச் செயலகமான செக்ரட்டேரியட்டின் கும்மட்டங்கள் 1930 நிலநடுக்கத்தில் சேதமாகிப் போனது அப்படித்தான். ஆகவே எதிர்ச்சாரியில் நிற்க வைத்துப் பேசுங்கள். எதிர்ச்சாரியிலிருந்துதான் மேல்மாடிகளும் தெரியும். கீழ்க்கடைகள் எல்லாம் ஷட்டரும் போர்டும் போட்டு முகத்தை மாற்றிவிட்டன.

நீல நிற வட்டப் பலகை கண்ணில் பட்டால் பிள்ளைகளை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். 2012இல் தொடங்கிய யாங்கோன் ஹெரிடேஜ் டிரஸ்ட் வைத்தவை அவை. இதோடு இன்னொன்றும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்: மாநகராட்சியின் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் 189 கட்டடங்களில் பெரும்பாலானவை அரசுக் கட்டடங்களும் வழிபாட்டு இடங்களும். சாதாரணக் குடியிருப்புகளுக்கு அந்தக் காப்பு இல்லை, அதனால்தான் அவை சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன.

வார்டு அலுவலகத்தில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கரண்ட் போகும், படிக்கட்டு பகலிலும் இருட்டு. ஐந்து டார்ச்சாவது வேண்டும்.

---

கரணை எழுதியது:

இரண்டாவது கேள்விக்கும் நாலாவது கேள்விக்கும் பதில் ஒன்றுதான்: சுவர் உலர வழி இருக்கிறதா? ரங்கூனில் வருடத்துக்கு ஏறக்குறைய 2,700 மி.மீ. மழை, அதில் மிகப் பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரை. பழைய செங்கல் சுவர் அந்தத் தண்ணீரைக் குடித்து, நவம்பருக்குப் பிறகு வெளியே விடும். சுண்ணாம்புக் காரை அதற்கு இடம் கொடுக்கும். சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் கொடுக்காது. வெளியே போக முடியாத ஈரம் உள்பக்கம் வரும், அல்லது மேலே ஏறும்.

இதைப் பிள்ளைகளுக்கு நேரிலேயே காட்டலாம். மாற்றிக் கட்டிய வீட்டில் தரையிலிருந்து மூன்றடி வரை சிமெண்ட் பூசியிருந்தால், அந்தச் சிமெண்ட் முடியும் கோட்டுக்கு ஒரு சாண் மேலே பாருங்கள். பழைய காரை உப்பிப் பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். விரலால் தொட்டால் மாவாக உதிரும். ஓதத்தை நிறுத்தப் பூசிய சிமெண்ட் அதை மூன்றடி மேலே ஏற்றிவிட்டிருக்கிறது, அவ்வளவுதான். பெயிண்ட் புதிதாக இருக்கும்வரை ஒரு மழைக்காலம் இது மறைந்திருக்கும்.

இன்னொரு சோதனை: சுவரில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுண்ணாம்புச் சுவர் உடனே உறிஞ்சும். பிளாஸ்டிக் பெயிண்டில் தண்ணீர் முத்து முத்தாக நின்று வழியும். சாவி முனையால் மறைவான இடத்தில் லேசாகக் கீறினால் சுண்ணாம்பு பொடியாக வரும், சிமெண்டில் கோடுகூட விழாது. வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்து அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் தளம் என்பது மூன்று நாலடிக்கு ஒரு இரும்பு கர்டர், இரண்டு கர்டருக்கு நடுவே செங்கல்லில் ஒரு குட்டி வளைவு, அதன்மேல் சுண்ணாம்புக் கான்கிரீட். கர்டர் ஓடும் நீளத்துக்கே நேர்க்கோடாக விரிசல் போனால் உள்ளே துரு என்று அர்த்தம். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதுதான் செங்கல்லைத் தள்ளுகிறது. அந்த விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைத்தால் இரண்டு வருடத்தில் கட்டியாக விழும். செய்ய வேண்டிய வரிசை: முதலில் மேலே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க வேண்டும் (பத்துக்கு எட்டு, மேல்வீட்டு பாத்ரூம்). பிறகு கீழே முட்டுக் கொடுத்து, கர்டரின் அடிப்பட்டையைத் திறந்து, கம்பி பிரஷ்ஷால் பளபளக்கும்வரை தேய்த்து, மிச்சத் தடிப்பைப் பல இடங்களில் அளக்க வேண்டும். நாலில் ஒரு பங்கு தின்றுவிட்டிருந்தால் பொறியாளர் இல்லாமல் மேலே போகாதீர்கள். தடிப்பு போதுமென்றால் துரு தடுக்கும் பிரைமர் இரண்டு கோட், அதன்மேல் பூச்சு.

வீட்டம்மாவுக்கு: சுண்ணாம்பு. நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு 1, கழுவிய ஆற்று மணல் 3. சுண்ணாம்பு குறைந்தது மூன்று வாரமாவது தண்ணீருக்கடியில் ஊறியிருக்கட்டும், மூன்று மாதம் என்றால் இன்னும் நல்லது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பின் பதம் வர வேண்டும், கட்டி நெருடக் கூடாது. ஒரு கோட் 10 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

---

தேக்குக் கதவு எழுதியது:

கரணை ஐயா சொன்னதில் ஒரு திருத்தம். 1க்கு 3 உள்சுவருக்குச் சரி. வெளிச்சுவருக்கு, அதிலும் தென்மேற்கு பார்த்த சுவருக்கு, அந்தக் கலவை நம்ம ஊரில் தாங்காது. அடுத்த மழைக்குள் இறுகி முடிந்திருக்காது. செங்கல் தூள் சேர்க்க வேண்டும்: சுண்ணாம்பு 1, செங்கல் தூள் 1, மணல் 2. தூள் குறைவாக வெந்த சிவப்புச் செங்கல்லிலிருந்து வரணும். கருகி வெந்த கல்லை இடித்தால் நிறம்தான் வரும், இறுகும் குணம் வராது.

மர வேலைக்கு வருகிறேன். பிள்ளைகள் முதலில் கேட்பது ஜன்னலைப் பற்றித்தான். சாய்வுப் பட்டை போட்ட தேக்குக் கதவை மூடிவிட்டுப் பட்டையை மட்டும் திறந்து காட்டுங்கள்: காற்று வரும், வெளிச்சம் வரும், மழை வராது, எதிர்வீட்டுக் கண்ணும் வராது. ஏசி வைத்த வீட்டில் இதைக் கழற்றி அலுமினியக் கண்ணாடி போட்டிருப்பார்கள். ஒரே தெருவில் இரண்டு வீட்டிலும் நின்று பார்த்தால் வித்தியாசம் உடம்பிலேயே தெரியும்.

பழுதான கதவில் முதலில் உளுப்பது அடிச்சட்டம்தான். முழுக் கதவையும் தூக்கி எறிய அவசியமே இல்லை. உளுத்த பகுதியை நல்ல மரம் வரும்வரை வெட்டி, சட்டத்தின் தடிப்பைப் போல ஆறு மடங்கு நீளத்துக்குச் சாய்வாகச் சீவி, அதே தேக்கில் ஒட்டுப் போட வேண்டும். தேக்கு எண்ணெய் மரம். ஒட்டுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோனால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது, ஒரே வருடத்தில் ஒட்டு வாய் பிளக்கும். பின்காடோ என்ற கடினமான மரத்தில் திருகு ஏற்றும் முன் துளை போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் திருகு முறியும்.

பழைய பெயிண்டை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கும், தூசி பிள்ளைகளுக்கு விஷம். நனைத்துச் சுரண்டி, சுரண்டலை ஈரத்துணியில் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். நடை போகும் நாளில் எந்த வீட்டிலாவது இந்த வேலை நடந்தால் உள்ளே போகாதீர்கள்.

சுவரில் முளைத்த அரச மரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வேர் ஊன்றியபின் அதைப் பிடுங்கவே கூடாது, வேரோடு செங்கல்லும் வரும். தண்டை வெட்டிய சில நிமிடத்துக்குள் வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, வேர் செத்துச் சுருங்க இரண்டு மூன்று மாதம் விட்டு, பிறகு அந்த இடத்துக் கல்லை மட்டும் எடுத்துச் சுண்ணாம்புச் சாந்தில் திரும்பக் கட்டணும். தெருக்காரர்கள் அரசங்கன்றை வெட்ட மனம் ஒப்ப மாட்டார்கள், நியாயம்தான். சிறு கன்றாக இருக்கும்போதே எடுத்துக் கோயில் வளாகத்தில் நட்டுவிடுவதாகப் பேசினால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

---

தாமுவே வாசி எழுதியது:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. திருத்தத்தை வீட்டம்மாகிட்ட சொல்லிடறேன். ஆள் எண்ணிக்கை பற்றி மட்டும் இன்னும் தெளிவு வேணும். மூணாவது வீடு ரெண்டாம் மாடி, மரத் தளம், தெருப்பக்கம் பால்கனி.

---

கரணை எழுதியது:

25 பேர் என்றால் ஒன்றரை டன். ஒரே அறையில் வேண்டாம். எட்டு, எட்டு, ஒன்பது பேராக மூன்று பிரிவு. ஒரு பிரிவு மேலே போகும்போது மற்றவர்கள் தெருவில் வேறொன்றைப் பார்க்கட்டும். பால்கனிகளிலிருந்து தொங்கும் கயிறும் கிளிப்பும் போதுமே அவர்களுக்கு: பேப்பர்காரர் கிளிப்பில் மாட்டி இழுத்தால் மேலே மணி அடிக்கும், மூன்று மாடி ஏறாமல் வேலை முடியும்.

முந்தைய நாளே நீங்கள் தனியாகப் போய்ப் பாருங்கள். உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்குரூடிரைவரால் குத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் பொசுக்கென்று இறங்கினால் அந்த முனை போய்விட்டது. அந்த அறையை விட்டுவிடுங்கள். பால்கனியில் இரும்பு சுவருக்குள் போகும் இடத்தைப் பாருங்கள். துருச் செதில் உரிந்தாலோ அடியில் விரிசல் இருந்தாலோ ஒருவர்கூட ஏற வேண்டாம். நன்றாக இருந்தாலும் ஒரு தடவைக்கு இரண்டு பேர். மாடியில் தண்ணீர்த் தொட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். 400 காலன் தொட்டி நிறைந்தால் 1,800 கிலோ. அது அறை நடுவில் மரத் தளத்தின் மேல் இருந்தால் பக்கத்து அறையையும் சேர்த்து விடுங்கள், வீட்டம்மாவிடமும் சொல்லுங்கள்.

தேக்குக் கதவு சொன்ன செங்கல் தூள் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன், வெளிச்சுவருக்கு அதுவே சரி. பூச்சு வேலையை டிசம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து ஜனவரிக்குள் முடிக்கச் சொல்லுங்கள். பூசுவதற்கு முன் மழைநீர்க் குழாயைச் சரிசெய்வது முதல் வேலை. குழாயைச் சுவரோடு ஒட்ட வைக்காமல் ஒரு அங்குலம் தள்ளி மாட்டினால் ஒழுக்கு கண்ணுக்குத் தெரியும், சுவரும் நனையாது. பூசும் முன் செங்கல்லை நன்றாக நனைக்கணும். பூசியபின் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு ஏழு நாளாவது வெயில் படாமல் பார்த்துக்கொள்ளணும், சாக்கு காயக் கூடாது. அடுத்த கோட்டுக்கு நகத்தால் அழுத்தினால் தடம் விழாத அளவுக்கு இறுகியிருக்க வேண்டும். கடைசியில் பால் போலக் கரைத்த சுண்ணாம்பு வெள்ளை, சுவரை ஈரமாக்கி நாளைக்கு ஒரு கோட், ஐந்து கோட். கொத்தனார் அவசரத்துக்கு ஒரு சட்டி சிமெண்ட் கலந்துகொள்கிறேன் என்பார். அந்த நேரத்தில் வீட்டம்மா பக்கத்தில் நிற்பது நல்லது.