நடப்பவர்களும் ஓடுபவர்களும் ஒரே ஓடுதளத்தில்

கேள்வி:
எங்கள் ஊர் விளையாட்டரங்கின் 400 மீட்டர் ஓடுதளத்தில், காலை நடைப்பயிற்சிக்கு வருவோர் நான்கைந்து பேராக உள்தடங்களை அடைத்துக்கொண்டு நடப்பதால், போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் என் மகள் நேற்று ஒரு பெரியவர்மீது மோதவிருந்தாள். யாரையும் புண்படுத்தாமல் இதற்கு என்ன வழி?

மறுமொழி 1:
பயிற்சியாளர் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர்தான், நேரம் கணக்கிட்டு ஓடுபவருக்கு, 400 மீட்டர் சரியாக அமையும் முதல் தடமே தேவை, அவர் முழு வேகத்தில் திடீரென விலகினால் தசை பிடித்துக்கொள்ளக்கூடும். நடப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வெளிப்புறமுள்ள எட்டாம் தடத்தில் ஒரு சுற்று ஏறத்தாழ 453 மீட்டர் என்பதால், 11 சுற்று நடந்தாலே கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் ஆகிவிடும். இதை நுழைவாயிலில் பலகையாக எழுதி வைக்கக் கோருங்கள்.

மறுமொழி 2:
நான் நடப்பவள், வயது 63. உள்தடம் ஓடுபவர்களுக்கானது என்று இதுவரை எவரும் எங்களிடம் சொன்னதில்லை. முழங்கால் வலியுள்ள எங்களுக்கு வெளியே சிமெண்டுத் தரையைவிட இந்தத் தளம் இதமாக இருப்பதால், எங்களை வெளியேற்றாமல் வெளித்தடங்களை ஒதுக்கினால் மனமார ஏற்போம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அம்மா. நாளை காலை நடப்பவர்களிடம் நானே நேரில் பேசுகிறேன்.