பேச்சுப்போட்டியில் விட்டுப்போன ஊர்

அம்பாசமுத்திரத்திலிருந்து:

பத்தாம் வகுப்பில் பேச்சுப்போட்டிக்கு விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயரை எடுத்துக்கொண்டேன். லண்டனில் சட்டம் படித்தது, போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவி மாறுவேடத்தில் புதுச்சேரி வந்து சேர்ந்தது என்று ஆவேசமாக ஒப்பித்துக்கொண்டிருந்தேன். திண்ணையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த தாத்தா, "ஏலே, எல்லாம் சரி. சேரன்மகாதேவி எங்கே?" என்றார்.

அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஊர்!

அங்கே ஐயர் நடத்திய குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, முதலில் 5,000 கொடுத்திருந்தது. பல சாதிப் பிள்ளைகளும் தங்கிப் படித்தார்கள். ஆனால் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. இரண்டே பிள்ளைகளின் பெற்றோர் கேட்டுக்கொண்டதற்காகச் செய்த ஏற்பாடு என்பது ஐயர் தரப்பு விளக்கம். பெ. வரதராஜுலு நாயுடு தமது 'தமிழ்நாடு' பத்திரிகையில் இதை எழுதி மாகாணம் முழுக்கப் பேச வைத்தார். அப்போது காங்கிரஸில் இருந்த ஈ.வெ.ரா. (பெரியார்) மீதிப் பணத்தைத் தர மறுத்தார். தாத்தாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வெற்றிலைக்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, சுற்றி நின்றவர்கள் "பொதுப்பணத்தில் தனி இலையா?" என்று கேட்டதுதான் அவருக்கு மறக்கவில்லையாம்.

தமிழ் ஐயாவிடம் சொன்னேன். "போட்டிக்கு அது வேண்டாம்" என்றார். விட்டுவிட்டேன். இரண்டாம் பரிசாக ஒரு எவர்சில்வர் டம்ளர் கிடைத்தது. தாத்தா சாகும்வரை அதில்தான் காபி குடித்தார். "தனிப் பந்தி டம்ளரை எடுத்து வா" என்றுதான் கேட்பார்.

பாளையங்கோட்டையிலிருந்து:

என் மகள் அமெரிக்காவில் சட்டம் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவளிடம் இந்தக் குருகுலக் கதையைச் சொன்னேன். அவள் பதிலுக்கு ஹியூகோ பிளாக் கதையைச் சொன்னாள்.

அலபாமாவின் செனட்டர். 1937 ஆகஸ்டில் அதிபர் ரூஸ்வெல்ட் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். அடுத்த மாதமே பிட்ஸ்பர்க் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் ரே ஸ்பிரிகில் என்ற நிருபர், பிளாக் ஒரு காலத்தில் கு கிளக்ஸ் கிளான் உறுப்பினர் என்பதை ஆவணங்களோடு தொடராக எழுதினார். கறுப்பின மக்களை அச்சுறுத்திய அதே கிளான்தான். பிளாக் வானொலியில் பேசினார்: சேர்ந்தது உண்மை, விலகியதும் உண்மை என்றார். பதவியை விடவில்லை, 1971 வரை இருந்தார். நிருபருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

"பிறகு திருந்தினாரா?" என்று கேட்டேன். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்ற 1954 தீர்ப்பில் அவரும் ஒருவர் என்றாள். நான் நிம்மதியாகத் தலையாட்டுவதற்குள், போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினரை அவர்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றியது சரிதான் என்ற 1944 தீர்ப்பை எழுதியதும் அவரே என்றாள். காபி ஆறிப்போயிற்று. அவளிடம் கதை கேட்டால் எனக்கு எப்போதும் இதுதான் கதி.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து:

நீங்கள் இருவரும் படித்தவர்கள், சொல்லிவிட்டீர்கள். நான் பாபநாசம் மலையிலுள்ள கல்யாண தீர்த்த அருவிக்குப் பக்கத்து ஊர்க்காரன். 1925 ஜூனில், குருகுலச் சண்டையின் சூடு ஆறுவதற்குள், ஐயர் அங்கேதான் போய்ச் சேர்ந்தார். நீரில் விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றக் குதித்தார், இருவரும் திரும்பவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர் நண்பர் ஒருவரை அங்கே கூட்டிப்போய் இதைச் சொன்னேன். "ஓ, பந்தி பிரித்தவரா?" என்று கேட்டுவிட்டு செல்போனில் படம் எடுக்கப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. பெற்ற பிள்ளைக்காக உயிரை விட்டவனை இப்படியா பேசுவது என்று பாபநாசம் வரும்வரை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் என் அக்கா கல்யாணம் நினைவுக்கு வந்தது. எங்கள் வயலில் நாற்று நட்டவர்களுக்குக் கொட்டகைக்கு வெளியே, கடைசியாக இலை போட்டோம். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.