உணவு உதவி கிடைக்கிறது, ஆனால் பீஃபெட் பயிற்சிக்குத் தகுதி இல்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்? (வாஷிங்டன் மாநிலம்)

வன்னிமகள்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கிரீன் கார்ட் லொத்தரில் வவுனியாவில் இருந்து வந்தவர்கள். சியாட்டிலுக்குத் தெற்கே கென்ட் நகரில் இருக்கிறோம். கணவருக்கு ஒரு பொருள் கிடங்கில் இரவு வேலை. மூத்த மகனுக்குப் பத்து வயது, சின்ன மகளுக்கு ஐந்தரை.

ஈ.பி.டி அட்டையில் மாதாமாதம் உணவுக்கான பணம் வருகிறது. கணவரின் சம்பளம் வாடகைக்கே சரியாகப் போய்விடுவதால் அந்தப் பணம் இல்லாமல் முடியாது. நானும் ஏதாவது படித்து வேலைக்குப் போனால்தான் இதிலிருந்து வெளியே வரலாம். உணவு உதவி பெறுகிறவர்களுக்குச் சமுதாயக் கல்லூரிகளில் பீஃபெட் என்றொரு திட்டம் இருக்கிறது, படிப்புக்கும் புத்தகத்துக்கும் உதவுவார்கள் என்று கோயிலில் ஓர் அக்கா சொன்னார். ஆசையோடு போய் விண்ணப்பித்தேன். விவரங்களைப் பார்த்துவிட்டு, "உங்கள் பெயரில் ஃபெடரல் உணவு உதவி இல்லை, அதனால் சேர்க்க முடியாது" என்றார்கள். ஒவ்வொரு மாதமும் அட்டையில் பணம் வரும்போது எப்படி இல்லை என்று சொல்கிறார்கள்? எனக்கு விளங்கவில்லை.

இன்னும் இரண்டு விஷயங்கள். கல்லூரியில் சேர்ந்தால் உணவு உதவி நின்றுவிடும் என்று ஒரு தோழி பயமுறுத்துகிறாள். அது உண்மையா? மற்றது, தனியார் பயிற்சி நிலையம் ஒன்று தாதிய உதவியாளர் படிப்புக்கு இடம் தருவதாகச் சொல்கிறது. முன்பணம் கட்டி மிச்சத்தைத் தவணையில் கொடுக்கலாமாம். அடுத்த கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

தாமரைக்குளம்:

வணக்கம் சகோதரி. பதறாதீர்கள். அந்தத் தனியார் இடத்துக்கு இப்போதைக்கு ஒரு டாலரும் கொடுக்க வேண்டாம். நான் பல ஆண்டுகளாகப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு இந்த விண்ணப்பங்களில் உதவி வருகிறேன். உங்களுக்கு நடந்தது அடிக்கடி பார்க்கிற விஷயம்தான்.

வாஷிங்டனில் ஒரே அட்டைக்குள் இரண்டு விதமான பணம் வரலாம். ஒன்று ஃபெடரல் அரசின் பணம். நாடு முழுக்க அதற்கு ஸ்நாப் என்று பெயர், இங்கே பேசிக் ஃபூட் என்பார்கள். இன்னொன்று ஃபேப், மாநில அரசு தன் சொந்த நிதியிலிருந்து கொடுப்பது. 1996-இல் வந்த நலத்திட்டச் சட்டம் கிரீன் கார்டு வைத்திருந்த பலரை ஃபெடரல் உதவியிலிருந்து வெளியே தள்ளியது. அவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்று இந்த மாநிலம் ஃபேப்பைத் தொடங்கியது. எல்லா மாநிலங்களும் இப்படிச் செய்யவில்லை, அந்த வகையில் நாம் கொடுத்து வைத்தவர்கள். இப்போதைய விதிப்படி, 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் கிரீன் கார்டு பெற்று ஐந்து ஆண்டு ஆன பிறகுதான் பொதுவாக ஃபெடரல் உதவிக்குள் வர முடியும். கிரீன் கார்டு உள்ள பிள்ளைகளுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது.

ஆகவே, அநேகமாக உங்கள் பிள்ளைகளின் பங்கு ஃபெடரல் பணம், உங்கள் பங்கும் கணவரின் பங்கும் ஃபேப். கடையில் அட்டையைத் தேய்க்கும்போது வித்தியாசம் தெரியாது. ஆனால் பீஃபெட் என்பது ஸ்நாப் சட்டத்தின் கீழ் வருகிற பயிற்சித் திட்டம். ஃபெடரல் உணவு உதவி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அதில் சேரலாம், ஃபேப் பெறுபவர் சேர முடியாது. டேனிஃப் என்ற, பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பங்களுக்கான ரொக்க உதவி வாங்குகிறவர்களுக்கும் இது கிடையாது, அவர்களுக்கு வேறு திட்டம்.

இப்போது முக்கியமான கேள்வி. உங்கள் கிரீன் கார்டின் முன்பக்கத்தைப் பாருங்கள். 'ரெசிடென்ட் சின்ஸ்' என்று எழுதி, அதோடு ஒரு தேதி இருக்கும். அட்டை காலாவதியாகும் தேதி வேறு, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தத் தேதியிலிருந்து ஐந்து ஆண்டு ஆகிவிட்டதா?

லொத்தரில் வந்ததில் இன்னொரு நன்மையும் உண்டு. அண்ணன், அக்கா மனு போட்டு வந்தவர்களுக்கு, ஆதரவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டவரின் வருமானத்தையும் ஃபெடரல் உதவிக்குக் கணக்கில் சேர்க்கும் விதி இருக்கிறது. உங்களுக்கு அப்படிப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் இல்லை என்பதால் அந்தச் சிக்கல் வராது. (இதைப் படிக்கிற மற்றவர்களே, உங்கள் நிலை வேறாக இருக்கலாம் என்பதைக் கவனியுங்கள்.)

வன்னிமகள்:

அக்கா, இப்போதுதான் கார்டை எடுத்துப் பார்த்தேன். அந்தத் தேதிப்படி போன மாதமே ஐந்து வருடம் முடிந்திருக்கிறது! பழைய கடிதத்தையும் தேடிப் பார்த்தேன். என் பெயரும் கணவரின் பெயரும் ஓர் இடத்தில், பிள்ளைகளின் பெயர்கள் வேறோர் இடத்தில் இருக்கின்றன. இவ்வளவு நாளும் மொத்தத் தொகையை மட்டும்தான் பார்த்து வந்தேன்.

தாமரைக்குளம்:

நல்ல செய்தி. அப்படியானால் வேலை பாதி முடிந்தது. அடுத்த மதிப்பாய்வுப் படிவம் வரும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் உணவு உதவி அலுவலகத்துக்குப் போன் போட்டோ நேரில் போயோ, "கிரீன் கார்டு கிடைத்து ஐந்து ஆண்டு முடிந்துவிட்டது, எங்கள் இருவரையும் ஃபெடரல் உதவிக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள்" என்று சொல்லுங்கள். கிரீன் கார்டின் இரண்டு பக்கமும் நகல் கொடுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், இலவசம். வெட்கப்பட வேண்டாம், அது உங்கள் உரிமை.

மாற்றம் பதிவானதும் புதுக் கடிதம் வரும். அதை எடுத்துக்கொண்டு அதே கல்லூரியின் பீஃபெட் அலுவலகத்துக்குப் போங்கள். அவர்கள் மறுத்ததற்குக் காரணம் அன்றைய பதிவு. பதிவு மாறினால் பதிலும் மாறும்.

மதுரை_டு_ரென்டன்:

சேர்ந்தால் உதவி நின்றுவிடுமா என்ற கேள்விக்கு நான் சொல்கிறேன். என் மனைவி படித்தபோது இந்த விதியை முழுக்க அலசினோம்.

தோழி சொன்னதில் பாதி உண்மை. 18 முதல் 49 வயதுக்குள் இருப்பவர், உயர்கல்வியில் பாதி நேர மாணவராகவோ அதற்கு மேலோ சேர்ந்தால், ஏதாவதொரு விலக்கு இருந்தால்தான் ஸ்நாப் கிடைக்கும். இங்குள்ள சமுதாயக் கல்லூரிகள் காலாண்டு முறையில் நடக்கின்றன. பாடத்தின் அளவைக் கிரெடிட் என்ற அலகில் கணக்கிடுவார்கள். பொதுவாக 12 கிரெடிட் முழு நேரம், 6 கிரெடிட் பாதி நேரம். ஆக ஒரு காலாண்டில் 5 கிரெடிட் பாடம் ஒன்று மட்டும் எடுத்தால் இந்த விதி உங்களைத் தொடாது. கிரெடிட் இல்லாத ஆங்கில வகுப்புக்கும் இது பொருந்தாது.

விலக்குகள் நிறைய உண்டு. வாரம் 20 மணி நேரம் சம்பள வேலை ஒன்று. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பார்த்துக்கொள்வது இன்னொன்று. இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். உங்கள் மகளுக்கு ஐந்தரை வயது, அதனால் இன்று உங்களுக்கு விலக்கு இருக்கிறது. அவளுக்கு ஆறு முடிந்ததும் விதி இறுகும். 6 முதல் 11 வயதுப் பிள்ளைக்கு, சரியான பராமரிப்பு வசதி கிடைக்கவில்லை என்று காட்டினால்தான் விலக்கு. படிப்பின் நடுவில் மகளின் பிறந்தநாள் வந்து உதவி நின்றுபோனால் எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள்.

அதற்கு வழி இதுதான்: ஸ்நாப்பின் பயிற்சித் திட்டம் வழியாக ஒருவர் கல்லூரியில் வைக்கப்பட்டால் அதுவே தனி விலக்கு. அதாவது பீஃபெட் உங்களுக்குப் புத்தகக் காசு மட்டும் தருவதில்லை, உணவு உதவியையும் காப்பாற்றிக் கொடுக்கிறது. ஆகவே முதலில் பீஃபெட், அப்புறம் வகுப்புப் பதிவு. நீங்களே போய் 12 கிரெடிட் பதிந்துவிட்டு வந்து கேட்காதீர்கள். சேர்ந்ததற்கான உறுதியை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பெல் கிராண்ட், அதாவது கல்லூரிப் படிப்புக்கு ஃபெடரல் அரசு கொடுக்கும் உதவித்தொகை. கிரீன் கார்டு உள்ளவருக்கு அதில் ஐந்தாண்டுக் காத்திருப்பு கிடையாது, இன்றைக்கே ஃபாஃப்சா என்ற நிதி உதவி விண்ணப்பப் படிவம் போடலாம். 2025-26 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அந்தப் பணத்தை உணவு உதவிக்கான வருமானக் கணக்கில் சேர்க்கவும் மாட்டார்கள். அதே படிவத்தை வைத்து, மாநிலம் தரும் உதவித்தொகையான வாஷிங்டன் காலேஜ் கிராண்டுக்கும் பார்ப்பார்கள்.

கரவெட்டி அக்கா:

தங்கச்சி, நான் ஒரு முதியோர் பராமரிப்பு நிலையத்தில் தாதிய உதவியாளராக வேலை செய்கிறேன். உங்களுடைய மூன்றாவது கேள்விக்கு நான் எழுதாவிட்டால் யார் எழுதுவது?

இந்தப் படிப்புக்குக் கடன்பட்டுக் காசு கட்டாதீர்கள். ஃபெடரல் விதிப்படி பயிற்சி குறைந்தது 75 மணி நேரம், பல மாநிலங்கள் இதைவிடக் கூட்டி வைத்திருக்கின்றன. எப்படிப் பார்த்தாலும் வருடக்கணக்கான படிப்பு இல்லை. மெடிகேர், மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீடுகளின் பணம் வாங்குகிற முதியோர் நிலையம் உங்களை வேலைக்கு எடுத்தாலோ, எடுப்பதாக உறுதி கொடுத்தாலோ, பயிற்சிக்கும் பரீட்சைக்கும் உங்களிடம் காசு வாங்கக் கூடாது. பாடப்புத்தகத்துக்குக்கூட வாங்கக் கூடாது. சொந்தக் காசில் படித்தவர்கள், முடித்து 12 மாதத்துக்குள் அப்படியான நிலையத்தில் சேர்ந்தால், அந்தச் செலவைத் திருப்பிக் கேட்கவும் வழி இருக்கிறது. இதை அந்தத் தனியார் நிலையம் உங்களுக்குச் சொன்னதா? பெரிய நிலையங்கள் சில தாங்களே வகுப்பு வைத்துச் சம்பளத்தோடு படிப்பிக்கின்றன. முதலில் அவற்றை விசாரியுங்கள்.

வேலையைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு பெரியவரைக் கட்டிலில் இருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது, அவருடைய இடுப்பில் பட்டி கட்டி, நம்முடைய முழங்காலை மடித்து, அவருடைய பயத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டும். நாள் முழுக்க அதுதான். எனக்கு இந்த வேலை பிடிக்கும், அந்த முதியவர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது பிடிக்கும். ஆனால் முதுகு வலி உள்ளவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். நீங்கள் ஊரில் என்ன வேலை செய்தீர்கள்?

வன்னிமகள்:

அக்கா, நான் முன்பள்ளி ஆசிரியை. ஏ.எல் (இலங்கையின் பள்ளி இறுதிப் பரீட்சை) வர்த்தகப் பிரிவில் முடித்தவள். சின்னப் பிள்ளைகளோடு இருப்பதுதான் எனக்குச் சந்தோஷம். ஆனால் என்னுடைய ஆங்கிலத்துக்கு இங்கே யார் அந்த வேலை தருவார்கள் என்று அந்தப் பக்கமே போகவில்லை.

தாமரைக்குளம்:

அடடா, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! உங்களுக்கான பாதை அங்கேதான் இருக்கிறது.

இந்த மாநிலத்தில் மழலையர் கல்விக்கு அடுக்கடுக்கான சான்றிதழ்கள் உண்டு. முதல் சான்றிதழ் 12 கிரெடிட். அதையும் சேர்த்து மொத்தம் 20 கிரெடிட்டில் குறுகிய காலச் சான்றிதழ், மொத்தம் 47 கிரெடிட்டில் மாநிலச் சான்றிதழ். முன்பு படித்த கிரெடிட் எதுவும் வீணாகாது. முதல் சான்றிதழோடு வேலை தேடத் தொடங்கி, மீதியை மெதுவாகப் படிக்கலாம்.

ஆங்கிலம் போதாது என்ற கவலைக்கு ஐ-பெஸ்ட் வகுப்பு இருக்கிறது. இந்த மாநிலத்தின் சமுதாய, தொழில்நுட்பக் கல்லூரிகளில்தான் அது உருவானது, பிறகு வேறு மாநிலங்களும் எடுத்துக்கொண்டன. ஒரே வகுப்பறையில் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் தொழிலைக் கற்பிப்பார், மற்றவர் அந்தப் பாடத்துக்கு வேண்டிய ஆங்கிலத்தையும் கணக்கையும் கற்பிப்பார். முதலில் இரண்டு வருடம் ஆங்கிலம், பிறகுதான் தொழில் என்று காக்க வைக்காத ஏற்பாடு. எனக்கு இந்த முறைமேல் மிகுந்த மதிப்பு. பீஃபெட்டில் சேர்ந்துகொண்டே இதைப் படிக்கலாம். மழலையர் கல்விக்கு ஐ-பெஸ்ட் எந்தக் கல்லூரியில் இருக்கிறது என்று கேட்டு, அந்தக் கல்லூரியின் பீஃபெட் அலுவலகத்தையே பிடியுங்கள். 34 சமுதாய, தொழில்நுட்பக் கல்லூரிகள் உள்ள மாநிலம் இது. ஒரு கல்லூரியில் இல்லாவிட்டால் பக்கத்துக் கல்லூரியைப் பாருங்கள்.

கட்டணத்துக்கு பீஃபெட் எவ்வளவு கொடுக்கும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். புத்தகம், பஸ் அட்டை, பெட்ரோல் என்று எதற்கெல்லாம் உதவி இருக்கிறது என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்டால்தான் சிலவற்றைச் சொல்வார்கள். மகளைப் பார்த்துக்கொள்ள வொர்க்கிங் கனெக்‌ஷன்ஸ் என்ற பராமரிப்பு மானியத்துக்கும் விண்ணப்பியுங்கள், பீஃபெட்டில் இருப்பதை அதற்கான காரணமாக ஏற்பார்கள். இரவு வேலை முடித்து வருகிற கணவர் பகலில் தூங்க வேண்டுமே!

மதுரை_டு_ரென்டன்:

ஒன்றைச் சேர்க்கிறேன். அலுவலகப் பதிவு மாறுவதற்குள் சும்மா இருக்க வேண்டாம். வொர்க்சோர்ஸ் என்ற வேலைவாய்ப்பு உதவி மையத்துக்குப் போய், வயோவா என்ற ஃபெடரல் சட்டத்தின் கீழ் கிடைக்கும் பயிற்சி உதவி கேளுங்கள். அது வேறு சட்டம், 2014-இல் வந்தது, வேலை செய்யும் உரிமை இருந்தால் போதும். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவர்களுக்கும் அதில் முன்னுரிமை உண்டு. அந்தப் பணம் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையங்களுக்கு மட்டும்தான் போகும். கேரியர் பிரிட்ஜ் என்ற மாநில இணையதளத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. உங்களை அவசரப்படுத்துகிற அந்த நிலையம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலை கிடைத்தவுடன் உணவு உதவி முழுதும் போய்விடும் என்றும் பயப்பட வேண்டாம். சம்பளத்தில் 20 விழுக்காட்டைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்ப்பார்கள். வருமான வரம்பைத் தாண்டாதவரை, கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒரு டாலருக்கு உதவி சுமார் 24 முதல் 36 சென்ட் வரைதான் குறையும். கையில் மிச்சம் இருக்கும்.

வன்னிமகள்:

எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. இன்று காலை தமிழ் மொழிபெயர்ப்பாளர் மூலம் அலுவலகத்தோடு கதைத்தேன். கார்டின் நகலை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பிவிட்டேன். புதுக் கடிதம் வந்த பிறகு பீஃபெட்டுக்குப் போகிறேன். தனியார் நிலையத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பட்டியலில் அதன் பெயரைக் காணவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். ஃபாஃப்சா படிவத்துக்கு என்னுடைய ஏ.எல் சான்றிதழ் போதுமா, அல்லது இங்கே யாரிடமாவது கொடுத்து மதிப்பிட வேண்டுமா?

கரவெட்டி அக்கா:

ஃபாஃப்சாவை இப்போதே அனுப்புங்கள், படிவத்தோடு சான்றிதழ் இணைக்கத் தேவையில்லை. பிறகு கல்லூரியின் நிதி உதவி அலுவலகம் கேட்டால் காட்டலாம். மதிப்பீடு தேவையா என்பதை அவர்கள்தான் சொல்வார்கள், அவர்கள் கேட்பதற்கு முன் அதற்குக் காசு செலவழிக்காதீர்கள். பரீட்சைத் திணைக்களத்தின் ஆங்கிலச் சான்றிதழ் கையில் இல்லாவிட்டால், அதை இணையத்திலேயே விண்ணப்பித்து எடுக்கலாம். சுட்டெண்ணும் பரீட்சை எழுதிய ஆண்டும் வேண்டும், பழைய பெறுபேற்றுத் தாளில் பாருங்கள்.