நாய் கத்தவில்லை, ஆனால் படி ஏறமாட்டேன் என்கிறான். வலியாக இருக்குமா?

உப்புவெளிக்காரி:
எங்கள் டைகருக்கு 10 வயது. வெள்ளை ஊர்நாய். ஆட்டோச் சத்தம் கேட்டாலே கேற்றடிக்குப் பாய்கிறவன், இப்போது தலையை மட்டும் நிமிர்த்திப் பார்க்கிறான். விறாந்தைப் படியடியில் நின்று யோசித்துவிட்டு, திரும்பிப் போய் மாமரத்தடியில் படுத்துவிடுகிறான். வலது பின்னங்கால் மூட்டை நக்கி நக்கி அந்த இடத்து மயிர் மண்ணிறமாகிவிட்டது. நேற்று சின்னவள் இடுப்பில் கை போட, உறுமினான். அவளிடம் அவன் உறுமியதே இல்லை. சாப்பாடு மட்டும் குறையவில்லை. சூடை மீன் தலை என்றால் தட்டையும் சேர்த்து நக்குவான். இவர், "வயது போனால் அப்படித்தான், வலி என்றால் கத்துமே" என்கிறார். மாமி பாதிப் பனடோல் கொடுக்கச் சொல்கிறா. என்ன செய்ய?

நாய்ப்பைத்தியம் (ஓர்ஸ் ஹில்):
தங்கச்சி, பனடோல் அலுமாரியிலேயே இருக்கட்டும். அளவு கூடினால் நாயின் ஈரலைக் கெடுத்துவிடும். இபுபுரோபன், டைக்ளோபெனாக் கொடுத்தால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் பழுதாகலாம். ஏற்கனவே ஏதும் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மிருக வைத்தியர் எழுதும் வலி மருந்தோடு அது சேரக்கூடாது.

காலில் சைக்கிள் ஏறினால் கத்தும், சரி. மூட்டு வலி போல மெல்ல மெல்ல வருவதற்குப் பெரும்பாலும் கத்தாது, செய்துவந்ததை ஒவ்வொன்றாக விட்டுவிடும். கேற், படி எல்லாம் அதுதான். ஒரே இடத்தை நக்குவதும் தொட்டால் உறுமுவதும் அதற்கு மேல். சாப்பிடுகிறான் என்பதற்காக வலி இல்லை என்று சொல்ல ஏலாது. இந்த வயதில் மூட்டுத் தேய்வு வழமைதான், ஆனால் அதற்கு மருந்து இருக்கிறதே!

படுத்து எழும்புவதையும் படியடியில் தயங்குவதையும் போனில் வீடியோ எடுங்கள். புது இடத்துப் பதற்றத்தில் நொண்டாமல் நடந்து காட்டிவிடுவான். எங்கள் கிழவி அப்படித்தான் வைத்தியர் முன்னால் என்னைப் பொய்யனாக்கினாள்.

கிண்ணியாப் பக்கம்:
கால்விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா பாருங்கள். உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு நொந்து நடக்கமாட்டாது. பல் முரசு வெளிறினாலோ மூக்கால் இரத்தம் வந்தாலோ அன்றைக்கே கொண்டுபோங்கள். இரத்தம் சோதிக்க வேண்டிவரும்.

உப்புவெளிக்காரி:
முரசு இளஞ்சிவப்பாகத்தான் இருக்கிறது. காதுக்குள் சில உண்ணி இருந்தது. இரைக்கிறானே, அதுவும் வலியா? இந்தக் கச்சான் காற்று வெக்கைக்கு எல்லா நாயும்தான் இரைக்கிறது.

நாய்ப்பைத்தியம் (ஓர்ஸ் ஹில்):
பகலில் பார்த்து ஒன்றும் சொல்ல ஏலாது. இரவில் நல்ல நித்திரையில் நெஞ்சு எழும்பித் தாழ்வதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30க்குள் என்றால் பயமில்லை. அடிக்கடி அதைத் தாண்டினாலோ, குளிர்ந்த நேரத்திலும் நடுங்கி இரைத்தாலோ வைத்தியரிடம் சொல்லுங்கள். வயிறு ஊதி, ஓங்காளித்தும் ஒன்றும் வெளியே வராவிட்டால் மட்டும் விடியும்வரை இருக்க வேண்டாம், அது உயிர் போகிற விஷயம்.

அதுவரை சாப்பாட்டை மாமரத்தடிக்கே கொண்டுபோய் வையுங்கள். டைல்ஸ் வழுக்கும், சாக்கு விரியுங்கள். தூக்குவதென்றால் ஒரு கை நெஞ்சுக்குக் கீழ், மற்றது பின்பக்கத்துக்குக் கீழ்.

வாட்டு நர்ஸ்:
சின்னவளை இப்போதைக்கு அவன் இடுப்புப் பக்கம் விடாதீர்கள். நோவில் கடித்தாலும் கடிதான். சொந்த நாய் என்று பார்க்காமல், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். டைகரின் விசர்நாய்த் தடுப்பூசி அட்டையையும் தேடி எடுத்து வையுங்கள், கேட்பார்கள்.